பின்பக்கம் பார்த்தவள்

ஹெக்லண்ட் ஊரில் இருபத்து மூன்று பெண்களின் பின்பக்கம் ஆர்லிஸ் ட்வைட்டுக்கு அத்துபடி. இப்படிச் சொன்னால் தப்பாகத்தான் படும். தையலின் பின்பக்கம்தான்.

சோளம் அறுத்து முடித்து வயல் ஓய்ந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் கட்டத் துணியைக் கையில் எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஊசியால் ஒரு பெருக்கல் குறி. எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டே போனால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புக் கொட்டகையோ, கிறிஸ்துமஸுக்கு வைக்கோலால் கட்டிவைக்கும் ஆடோ, எட்டு முனை நட்சத்திரமோ வந்துவிடும். வந்ததும் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிடுவார்கள். தைப்பதில் இருக்கிற ஆசை, தைத்த துண்டைக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் பொருளாக ஆக்குவதில் யாருக்கும் கிடையாது. அது அட்டை வெட்டுகிற வேலை, பசை பூசுகிற வேலை. கையெல்லாம் பிசுபிசுக்கும். ஒரு தடவை தவறினால் ஒரு மாதத் தையல் பாழ்.

அந்த வேலை ஆர்லிஸுடையது. துணியை வெந்நீரில் அலசி, கனத்த துண்டின் மேல் முகம் குப்புறப் போட்டு இஸ்திரி போடுவாள். ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியை வைத்து அட்டையில் வட்டம் வரைந்து வெட்டுவாள். அட்டையின் மேல் இரண்டு அடுக்குப் பஞ்சு, அதன் மேல் துணி. துணியின் ஓரங்களைப் பின்னால் மடக்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நூல் கோத்து இழுத்து, முன்பக்கம் சுருக்கமே இல்லாமல் மேளத் தோல் மாதிரி ஆக்குவாள். ஆறு இழை நூலை, கேக் மாவு கலக்கும் மின்சார மத்தில் மாட்டிச் சுழலவிட்டு முறுக்குக் கயிறு எடுத்து, அதைச் சுற்றிலும் ஒட்டுவாள். கடைசியாக முதுகுக்கு ஒரு பச்சைக் கம்பளித் துணி. அதில் தைத்தவளின் பெயரும் வருஷமும். பசை காயும்வரை துணி உலர்த்தும் கிளிப்புகளால் கவ்வி வைத்துவிடுவாள்.

கம்பளித் துணி ஒட்டிய பிறகு தையலின் பின்பக்கத்தை ஆண்டவரைத் தவிர யாரும் பார்க்க முடியாது. ஒட்டுவதற்கு முன்பு ஆர்லிஸ் பார்த்திருப்பாள்.

பார்த்தால் என்ன என்று கேட்கலாம். கிராஸ் தையல் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். முன்பக்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும். அச்சடித்த படத்தைப் பார்த்துப் போடுவதுதானே. பின்பக்கத்துக்குப் படம் கிடையாது. முடிச்சுப் போடாமல் நூல் முனையைத் தையலுக்கு அடியிலேயே நுழைத்து மறைக்கிறவள் யார், அவசரத்துக்கு முடிச்சுப் போட்டுத் தள்ளுகிறவள் யார், ஒரு நிறத்தை வெட்ட மனமில்லாமல் இங்கிருந்து அங்கே நீளமாக ஓட விடுகிறவள் யார், எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். ஊரிலேயே அடக்கமானவள் என்று பெயரெடுத்த ஒருத்தியின் பின்பக்கம் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் இன்னொருத்தி நூலை இழுத்த இழுப்பில் துணியே மூச்சுத் திணறிக் கிடந்தது. அந்த வருஷம்தான் அவள் கணவன் டக்கோட்டா பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. ஊருக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. ஆர்லிஸுக்குத் துணியைத் திருப்பியதுமே தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன. அவள் வாயைத் திறக்க மாட்டாள். பிறவியிலேயே கூச்சக்காரி. அம்மா படுத்த படுக்கையானபோது எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள், பிறகு அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள்; வகுப்புக்கு இல்லை, சமையல்கட்டுக்கு. முப்பத்தொரு வருஷமாக உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அவள் வீட்டு வாசலுக்கு மனிதர்கள் வருவதென்றால் அது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, ஒரு கையில் உறைக்குள் தையல் துண்டோடும் இன்னொரு கையில் ஏதாவது பலகாரத்தோடும் வருவதுதான். அவர்கள் வருவதற்குக் காரணம் அவளுடைய பசை வேலை மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பார்த்ததைச் சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கை. அது போனால் எல்லாம் போயிற்று. ஆகவே, பின்பக்கம் பற்றி யாரிடமும் ஒரு சொல் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக இதுதான் அவள் வைத்திருந்த சட்டம்.

சபையின் கீழ்த்தளக் கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் வைக்கிற கிறிஸ்துமஸ் மரத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக இந்தத் தொங்கல்கள் தொங்கும். எல்லாம் ஆர்லிஸின் கையைத் தாண்டித்தான் மரத்துக்கு ஏறும். அவள் பெயர் மட்டும் எதிலும் இருக்காது. அவள்தான் தைப்பதில்லையே.

மரத்தில் எப்போதும் கண்ணுக்கு நேரே தொங்குவது லவோன் ஸ்கோக்லண்டின் தொங்கல். லவோன் லூத்தரன் சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவி. பதினான்கு வருஷமாகத் தலைவி. வேறு யாராவது வந்தால் நன்றாயிருக்கும் என்று வருஷா வருஷம் அவளே சொல்வாள்; யாரும் வர மாட்டார்கள். உயரமான பெண். பேச்சில் ஒரு கண்டிப்பு. சங்கத்தில் காப்பி ஊற்றும்போது கூட யாருக்கு முதலில் ஊற்றுவது என்று அவளுக்கு ஒரு வரிசை உண்டு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் லவோனின் துண்டை எடுத்து இஸ்திரி போட்ட ஆர்லிஸ் அப்படியே நின்றுவிட்டாள். பெருக்கல் குறியில் இரண்டு கால். ஒன்று அடியில், ஒன்று மேலே. லவோனுக்கு மேல் கால் எப்போதும் வலப்பக்கம் சாயும். இந்தத் துண்டில் ஒன்று விடாமல் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. துணியைத் திருப்பினாள். லவோனின் பின்பக்கம் சுமார் ரகம், அங்கங்கே முடிச்சு, சில இடத்தில் பின்னல். இதிலோ ஒரு முடிச்சு இல்லை. நெட்டுக்குத்தாய்ச் சின்னச் சின்னக் கோடுகள், விதைத்த வயல் மாதிரி வரிசையாய். எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒருத்தி ஐம்பத்தெட்டு வயதில் கையை மாற்றிக்கொள்ள மாட்டாள். இது இடதுகைக்காரர் ஒருவரின் வேலை. லவோனின் வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது ஆர்லிஸ் பின்னாலிருந்து பார்த்தாள். கில்மன் ஸ்கோக்லண்ட், லவோனின் கணவர், நாற்பது வருஷம் உழுத மனிதர், முட்டியில் அறுவை செய்துகொண்டு முந்தின குளிர்காலம் முழுக்க வீட்டோடு கிடந்தவர், பேனாவை இடது கையில் பிடித்தார். சப்பாத்தி உருட்டுகிற கட்டை கனத்தில் விரல்கள். அதில் நடுவிரல் நுனியில் மட்டும் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஒரு சின்ன இடம்.

ஆர்லிஸ் பதிவேட்டில் தன் பெயரை எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவருடைய தையலுக்கெல்லாம் 'லவோன் ஸ்கோக்லண்ட்' என்று பச்சைத் துணியில் பெயர் எழுதி ஒட்டினாள்.

அந்த ஐந்தாவது வருஷம் அக்டோபர், இரண்டாம் வியாழக்கிழமை, சங்கக் கூட்டம். லவோனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"முன்பக்கம் எவளுக்கும் வரும். ஒரு தையல்காரிய எடை போடணும்னா துணியத் திருப்பிப் பாக்கணும். என் துணிய நீங்க திருப்பிப் போட்டு மாட்டினாக்கூட வித்தியாசம் தெரியாது" என்றாள்.

இனெஸ் ப்ராட்டன் காப்பியைக் கீழே வைத்தாள். இனெஸ் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். ஊரில் அவளுக்குத் தெரியாத விலாசம் கிடையாது, அவள் வாயில் அகப்படாத ஆளும் கிடையாது.

"அப்படியா லவோன்? அப்போ இந்த வருஷம் பின்பக்கத்துக்கே ஒரு பரிசு வச்சிருவோமே. சிறந்த பின்பக்கம். ஜெயிச்சவங்க ஜனவரில இங்க முன்னாடி உக்காந்து எங்களுக்கெல்லாம் தச்சுக் காட்டணும். நாங்களும் கத்துக்குவோம்ல?"

பெண்கள் சிரித்தார்கள். லவோனின் முகத்தில் ஈயாடவில்லை. வேண்டாம் என்றால் தன் பேச்சைத் தானே விழுங்கவேண்டும்.

"நல்ல யோசனைதான்" என்றாள். "ஆனா யாரு பாத்துச் சொல்றது?"

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கதவோரம் திரும்பியது. அங்கேதான் ஆர்லிஸ் எப்போதும் உட்காருவாள், மேலங்கியைக் கழற்றாமல்.

"வேண்டாம்" என்றாள் ஆர்லிஸ்.

"உன்ன விட்டா யாரு? நீதான எல்லாத்தையும் பாக்குற" என்றாள் இனெஸ்.

"அதெல்லாம் எனக்கு வராது."

"ஒரு பேரு சொல்லணும், அவ்வளவுதான். பிரசங்கமா பண்ணச் சொல்றோம்?"

"வேற யாரையாவது பாருங்க, இனெஸ்."

"மூணு ஆச்சு" என்றாள் இனெஸ் நிம்மதியாக. "எழுதிக்கோங்க. ஆர்லிஸ் ஒத்துக்கிட்டா."

அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை. ஹெக்லண்டில் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால், நான் இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்டுவார்கள். முதல் தடவையிலேயே சரி என்கிறவர் வெளியூர்க்காரர். மூன்று தடவை மறுத்துவிட்டால் அது சம்மதம். நான்காவது தடவை மறுப்பது மரியாதைக் குறைவு. அப்படி ஒருவர் செய்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. மனசார வேண்டாம் என்று நினைக்கிறவர் அதை எப்படிச் சொல்வது என்பதற்கு அங்கே வழியே கிடையாது. ஆர்லிஸ் மூன்றையும் செலவழித்துவிட்டாள்.

அக்டோபர் கடைசியில் துண்டுகள் வரத் தொடங்கின. அந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே படம், பனிக்குள் ஒரு சிவப்புக் கொட்டகை. கொண்டுவந்தவர்கள் உறையை எப்போதும் போல மேசையில் வைத்துவிட்டுப் போகவில்லை. அவள் கையில் கொடுத்து, ஒரு நிமிஷம் நின்று, "இந்தத் தடவ கொஞ்சம் அவசரத்துல தச்சது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பலகாரங்களின் அளவும் கூடியிருந்தது. ஆர்லிஸ் இரண்டு வாரம் சமைக்கவில்லை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லவோனே வந்தாள். கையில் பேரீச்சை போட்ட தட்டு இனிப்பு. மூன்று தடவை சொன்னபிறகு உட்கார்ந்தாள். பனியைப் பற்றிப் பேசினாள், வான்கோழி விலையைப் பற்றிப் பேசினாள். பிறகு மேசைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே,

"இனெஸ் பாவம்" என்றாள்.

ஆர்லிஸ் காப்பி ஊற்றினாள்.

"அவளுக்கு இதுவரைக்கும் ஒரு பரிசும் கெடச்சதில்ல. போன வருஷம் கேக்குக்கு நான் வாங்கினேன். அதுக்கு முந்தி போர்வைக்கு. ஒரே ஆளுக்கே எல்லாம் போனா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"துணி இன்னும் முழுசா வந்து சேரல, லவோன்."

"நான் ஒண்ணும் கேக்கல. சும்மா சொல்றேன். ஜனவரில நாங்க அரிசோனாவுக்கு எங்கக்காவப் பாக்கப் போனாலும் போவோம். தச்சுக் காட்டுறதுன்னா அதுவும் சிக்கல். கையும் முன்ன மாதிரி இல்ல." வலது கையை விரித்துக் காட்டினாள். மூட்டுகள் உண்மையாகவே வீங்கியிருந்தன. ஐந்து வருஷமாக வீங்கியிருக்கின்றன என்பது ஆர்லிஸுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வலிக்குதா?"

"மோசமில்ல" என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள் லவோன். வாசலில் பூட்ஸ் மாட்டும்போது திரும்பாமலே சொன்னாள். "உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வெளிய வராதுன்னுதான் எல்லாரும் உன்கிட்ட குடுக்குறோம். அத மறந்துராத, ஆர்லிஸ்."

அதை ஆர்லிஸ் மறந்தால்தானே.

இரண்டு நாள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகள் கழுவிக்கொண்டிருந்தபோது, சமையல்கட்டின் பின்கதவு வழியாகக் கில்மன் வந்தார். பள்ளிக்கு உருளைக்கிழங்கு கொடுப்பது அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மூட்டை வண்டியிலேயே இருந்தது.

"குளிரு ஜாஸ்திதான்" என்றார்.

"ஆமா."

"லவோனோட துணி வந்திருச்சா?"

"வந்திருச்சு."

"கொட்டகதான?"

"எல்லாருக்கும் கொட்டகதான்."

"கூரைக்கு ரெண்டு செவப்பு கலந்து போட்டேன்..." நிறுத்தினார். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "போட்டிருக்கா. வெயில் படுற பக்கம் ஒண்ணு, படாத பக்கம் ஒண்ணு. அவ சொன்னா."

"பாத்தேன்."

"அப்புறம், பின்பக்கம்?"

ஆர்லிஸ் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். அவளுடைய சட்டம் பெண்களின் பின்பக்கத்துக்குத்தான். இப்படி ஒரு ஆள் வந்து நிற்பார் என்று சட்டம் போட்டபோது அவள் நினைக்கவில்லை.

"மோசமில்ல" என்றாள்.

ஹெக்லண்டில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. குழந்தை பிறந்தால் மோசமில்லை. பெருவிளைச்சல் கண்டால் மோசமில்லை. கில்மனின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"மோசமில்லையா?"

"மோசமேயில்ல, கில்மன்."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "சரி, சரி" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாதித் தெரு போனபிறகு, உருளைக்கிழங்கை இறக்கவில்லை என்பது ஞாபகம் வந்து திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆர்லிஸ் இருபத்து மூன்று துண்டுகளையும் மேசையில் குப்புறப் போட்டுப் பார்த்துவிட்டாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கில்மனுடையது ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். பக்கத்தில் வைக்கவே முடியாது. பிறகு எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்து, இழுத்துக் கோத்து, பச்சைத் துணி ஒட்டி மூடினாள். இனி அவள் யார் பெயரைச் சொன்னாலும் பிரித்துப் பார்க்க முடியாது. இனெஸ் என்று சொல்லலாம். லவோன் சந்தோஷப்படுவாள், இனெஸ் சந்தோஷப்படுவாள், கதை முடிந்தது. ஒரே ஒரு ஆள் கூடத்தின் கடைசி வரிசையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார். பெண்கள் சங்கத்து விஷயத்தில் ஆண்பிள்ளைக்கு என்ன என்று யாரும் அவர் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள்.

லவோன் என்று சொன்னாலும் அந்த ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது. லவோன் ஜனவரியில் எல்லார் முன்னாலும் வீங்கிய கையோடு ஊசியைப் பிடிக்க வேண்டியதுதான். கில்மன் என்று சொன்னாலோ, ஆர்லிஸ் வாயைத் திறந்தாள் என்றாகும். எப்படிப் பார்த்தாலும் ஒருவர் கெட்டுப்போவார். அதில் இரண்டு வழியில் அந்த ஒருவர் ஆர்லிஸ் இல்லை என்பதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். மரத்தில் இருபத்து மூன்று கொட்டகைகள். போதகர் ஜெபம் செய்தார். பிறகு, "இப்ப நம்ம ஆர்லிஸ்..." என்று சொல்லிக் கை தட்டினார். அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அந்தக் கூடத்தில் யாரும் இதற்கெல்லாம் கை தட்ட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தனியாகத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆர்லிஸ் எழுந்தாள். மேலங்கிப் பித்தான்கள் கழுத்து வரை போட்டிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் முந்நூறு பேருக்கு முன்னால் கரண்டியோடு நிற்பவள்தான்; ஆனால் கரண்டி இருந்தால் பேச வேண்டியதில்லை.

"ஸ்கோக்லண்ட் வீட்டுத் துணி" என்றாள்.

குரல் மேசைக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

"என்ன சொன்னா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"லவோன்னு சொல்றா" என்றார் இன்னொருவர்.

"நான் லவோன்னு சொல்லல" என்றாள் ஆர்லிஸ். "வீட்டுத் துணின்னு சொன்னேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. லவோன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. கில்மன் எழுந்து நின்றுவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கால்கள் தாமாக எழுந்துவிட்டன. எழுந்த பிறகு, தான் நிற்பது எல்லார் கண்ணிலும் படுகிறது என்பது தெரிந்து, காலிக் கோப்பையை உயர்த்திக் காட்டி, "காப்பி... காப்பி இருக்கான்னு பாக்க எந்திரிச்சேன்" என்றார்.

"உக்காரு, கில்மன்" என்றாள் இனெஸ். "காப்பி நான் கொண்டாரேன். எங்களுக்கு நாலு வருஷமா தெரியும்."

"என்ன தெரியும்?" என்றாள் லவோன்.

"என் தங்கச்சிதான பக்கத்து டவுன்ல நூல் கடைல இருக்கா. உருளைக்கெழங்கு வண்டிய வெளிய நிறுத்திட்டு, இருபத்தாறாம் நம்பர் ஊசியும் அடர்செவப்பு நூலும் வாங்கிட்டுப் போற ஆம்பள ஊருக்கு எத்தன பேரு இருக்காங்க லவோன்? எங்கம்மாவுக்குன்னு சொல்வாராம். அவங்கம்மா எறந்து இருபது வருஷமாச்சு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கில்மனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். லவோன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் முதுகு நாற்காலியில் சாய்ந்தது, அந்த மத்தியானத்தில் முதல் தடவையாக.

"தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்றதில்லையா?" என்றாள்.

"நீ சொல்லல. நாங்க எப்படிச் சொல்றது?" என்றாள் இனெஸ்.

ஆர்லிஸ் ஐந்து வருஷமாகப் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது; அப்படித் தெரியும் என்பது அவளுக்கும் ஸ்கோக்லண்ட் தம்பதிக்கும் மட்டும்தான் தெரியாது. அப்பாடா என்று அவள் உட்காரப் போனாள்.

"இரு, இரு" என்றாள் இனெஸ். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "மொதல் எடம் கில்மன். சரி. அப்போ என்னோடது எத்தனையாவது?"

ஆர்லிஸ் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே மரியாதை. ஆனால் பதில் வராத அந்த நேரத்தில் இனெஸின் சிரிப்பு மெல்ல வற்றியது. பக்கத்து நாற்காலிக்காரி தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அடக்கமானவள் என்று பெயரெடுத்தவள் மரத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாக, லவோனைத் தவிர்த்த இருபத்திரண்டு பெண்களுக்கும் ஒரே சமயத்தில் ஒரே நினைப்பு வந்தது ஆர்லிஸுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் பார்க்கிறாள். பார்ப்பதோடு இல்லாமல் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டும் பார்க்கிறாள். கேட்டால் ஒருநாள் சொன்னாலும் சொல்லிவிடுவாள்.

ஜனவரியில் கில்மன் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து தைத்துக் காட்டினார். லவோன் பக்கத்தில் நின்று, அவர் செய்வதையெல்லாம் அவருக்கு முன்னால் வாயால் சொன்னாள். "இப்ப முனைய அடியில நுழைக்கிறாரு. இழுக்காதீங்க. நான்தான் கத்துக்குடுத்தேன்" என்றாள், அது உண்மையும்கூட. ஆண்கள் பதினொரு பேர் வந்திருந்தார்கள், ஏரி மேல் உறைந்த பனிக்கட்டி மெல்லிசாக இருப்பதால் அதன் மேல் நின்று மீன் பிடிக்கப் போகமுடியவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு. அதில் இரண்டு பேர் போகும்போது ஊசியின் நம்பரைக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஆர்லிஸ் காப்பி ஊற்றினாள். யாரும் அவளிடம் முகம் சுளிக்கவில்லை. நன்றி சொன்னார்கள், குளிரைப் பற்றிப் பேசினார்கள். கோபம் என்றால் ஹெக்லண்டில் யாராவது பேசுவதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார்கள்.

வசந்தம் வந்தது, கோடை போயிற்று, சோளம் அறுத்தார்கள். அக்டோபர் முழுவதும் ஆர்லிஸின் வாசலுக்கு யாரும் வரவில்லை. ஒவ்வொரு மதியமும் பள்ளியிலிருந்து வந்ததும் வெளிவாசல் விளக்கைப் போட்டு வைப்பாள், வெளிச்சம் இருக்கும்போதே. நவம்பர் முதல் வாரம் இனெஸ் வந்தாள்.

"உள்ள வா, இனெஸ்."

"வேண்டாம், வேண்டாம். வண்டி ஓடிக்கிட்டிருக்கு." உறையை நீட்டினாள். "பின்னாடி ஒரு துணி ஒட்டிட்டேன் ஆர்லிஸ். இஸ்திரி வச்சா ஒட்டிக்குதே, அந்த வெள்ளத் துணி. உனக்கு வேல மிச்சம் பாரு."

"நல்லது" என்றாள் ஆர்லிஸ்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். இருபத்து மூன்றும் வந்து சேர்ந்தன. இருபத்து மூன்றிலும் முதுகில் வெள்ளைத் துணி, ஓரம் வரை அழுத்தி ஒட்டியிருந்தது. கில்மனுடையதிலும்தான். "எல்லாரும் ஒட்டுறாங்க, நாம மட்டும் ஒட்டாம இருந்தா பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்னு லவோன் சொல்லிட்டா" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். லவோன் இஸ்திரி போட்டதில் ஒரு மூலையில் மடிப்பு விழுந்திருந்தது.

ஆகவே எல்லாரும் வந்துவிட்டார்கள். பலகாரமும் வந்தது. ஆர்லிஸுக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. வெள்ளைத் துணி ஒட்டியதால் தையல் விறைப்பாக நின்றது, இழுத்துக் கோப்பது சுலபமாக இருந்தது. பாதி நேரத்தில் வேலை முடியும் போலிருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் அவளுக்கு நல்லதுதான் செய்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, சன்னலோர மேசையில் உட்கார்ந்து, முதலில் வந்த இனெஸின் துண்டை எடுத்தாள். இந்த வருஷம் எட்டு முனை நட்சத்திரம். அட்டையின் நடுவில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கத் துணியைப் பஞ்சின் மேல் வைத்து, கட்டைவிரலால் நீவினாள்.

விரல் நின்றது. வலது மேல்முனைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு. அங்கிருந்து நடுவுக்கு நீளமாக ஒரு நூல் ஓட்டம். வழியில் ஒரு பின்னல். கீழே மறுபடி முடிச்சு, இந்தத் தடவை இரட்டை முடிச்சு. சூட்டில் அழுத்தி ஒட்டியதால், முன்பெல்லாம் கண்ணால் தேட வேண்டியிருந்ததெல்லாம் இப்போது விரலுக்கு மேடு மேடாகவே கிடைத்தது.

ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு கடைசி முனை வரை நீவி முடித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, முடிச்சு முன்பக்கம் துருத்தித் தெரியாமல் இருக்க, பட்டாணி அளவுக்கு இரண்டு துண்டுப் பஞ்சு வெட்டி, அந்த இடங்களுக்குப் பக்கத்தில் அணைவாக வைத்து, துணியை இழுத்துக் கோத்தாள். முன்பக்கம் வழவழவென்று வந்தது. பச்சைத் துணியில் இனெஸ் ப்ராட்டன் என்று எழுதி ஒட்டி, நாலு கிளிப்பு மாட்டினாள். பசை காய்வதற்குள் அடுத்த உறையைப் பிரித்தாள்.